அடாப்டர் சரியாகிவிட்டது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உங்கப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் வேண்டுதல், இந்த வாரம் அதோடு இன்னொரு வேண்டுதலும் சேர்ந்துகொண்டது, அதைச் சொல்லத்தான் தாளை எடுத்தேன். நேற்று உங்கப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னிடம் பேசியதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடாப்டர் சரியாகிவிட்டது, சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றார். அதே வரிசையில்தான் சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லையே, அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று நீ கேட்டதற்கு லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவர் சொன்ன இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் நடந்ததை நான் எழுதுகிறேன். போனில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவார், சின்னச் சின்ன எழுத்தைத் தட்டித் தட்டி அனுப்ப என் விரலுக்குப் பொறுமை இல்லை, அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்காதே, பெரிதாக்கிப் படி, ஏற்கெனவே உனக்குத் தலைவலி.

உன் சித்தப்பாவும் உங்கப்பாவும் முறைத்துக்கொண்டது உனக்குத் தெரியும், எதற்கென்று முழுதாகத் தெரிந்திருக்காது. மேலே இருக்கிற சித்தப்பா வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து, நம் கூரை வழியாக உங்கப்பாவின் மேசைமேல் சொட்டி, அவர் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த வீட்டுப் பிளானின் மாடிப்படியைக் கரைத்துவிட்டது. கரைந்தது தட்டளவு இடம்தான். அதற்கு இவர் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, கடைசியில் மேல் வீட்டிலிருந்து எனக்கு ஒன்றும் வர வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்று உங்கப்பா தனியாக ஒரு டேங்க் வாங்கி வைத்தார். நீரடித்து நீர் விலகாது என்று எதிர்வீட்டு டீச்சர் எனக்கு ஆறுதல் சொன்னார். தனித்தனி டேங்க் வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பழமொழி பொருந்துமா என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஒருவர் படியில் இறங்கினால் மற்றவர் கதவைச் சாத்திக்கொள்வார். சித்தப்பா தனிக்கட்டை, நாம் இல்லாவிட்டால் அவருக்கு வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும், உங்கப்பாவுக்கும் தெரியும், தெரிந்துதான் இருந்தோம்.

இனி அடாப்டர். நீ அனுப்பிய, நெட்டைக் காற்றில் பிடித்துக் கொடுக்கிற அந்த நகத்தளவு சாமான் இத்தனை நாள் ஒரு குறையும் இல்லாமல் கம்ப்யூட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டு இருந்தது, போன மாதம் ஒரு காலையில் நெட் வரவில்லை. என் போனில் வருகிறது, அவர் போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. மேஸ்திரிக்குப் பிளான் அனுப்ப வேண்டும் என்று இவர் குதித்தார். நீ அங்கிருந்து சொன்னதையெல்லாம் செய்தார், அதை நான் மறுக்கவில்லை. பிடுங்கி மாட்டினார். பின்பக்கத்தில் இருந்ததை முன்பக்கத்தில் செருகினார். டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார், அதைப் போனில் இறக்கிப் பென்டிரைவில் ஏற்றுவதற்குள் ஒரு பகல் போயிற்று. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று கம்ப்யூட்டரே அதை அணைத்துவிடும், அந்தக் கட்டத்தில் இருக்கிற டிக்கை எடுங்கள் என்றாய், எடுத்தார். நீளமான ஒயர் ஒன்று வாங்கி அதன் நுனியில் அடாப்டரை மாட்டி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். தெருவில் போகிறவர்கள் என்ன இது என்று கேட்டார்கள். வீட்டைக் கண்காணிக்க என்று நான் சொல்லிவைத்தேன். நீலவிளக்கு அழகாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தது, நெட் மட்டும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் அக்கம்பக்கத்து வீடுகளின் நெட் பெட்டிகளின் பெயரெல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்றன. எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்டது. இவர் சொன்ன நியாயத்தைக் கேள். நம் கம்ப்யூட்டர் ஒருநாளும் நம்மிடம் பாஸ்வேர்டு கேட்டதில்லை, ஆகவே கேட்கிற எல்லாமே அடுத்தவர் வீட்டுப் பெட்டி, ஆகவே நம் பெட்டி அடாப்டர் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே அடாப்டர் குருடு. அடுத்தவர் பொருளில் கை வைக்கிற பழக்கம் எனக்கில்லை என்று பட்டியலையே மூடிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முன்பு எந்தப் பெயரில் சேர்ந்திருந்தது என்று பாருங்கள், பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கிற பெயரும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள் என்று நீ தலைதலையாய் அடித்துக்கொண்டாய். நம் பெட்டி நம் பெட்டிதான், இதில் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று அதை மட்டும் செய்யவில்லை. புதிதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று நீயும் அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டாய்.

அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது நான் பார்த்தேன். பெட்டியைக் கவிழ்த்துப் படித்தேன், கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்த பெயரையும் படித்தேன். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி எழுத்துகள், கடைசி எண்கள் மட்டும் வேறு. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அடாப்டரை நீ அனுப்பியபோது நமக்கு இன்னும் இணைப்பே வரவில்லை, அதுவரை இருக்கட்டும் என்று சித்தப்பாதான் கீழே வந்து அவர் வீட்டுப் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுப் போனார். பிறகு நமக்குப் பெட்டி வந்தது, போன்கள் இரண்டையும் அதில் சேர்த்தோம், கம்ப்யூட்டரை யாரும் நினைக்கவில்லை. அது பாட்டுக்கு மேல் வீட்டிலேயே இருந்துவிட்டது. தண்ணீர் வேண்டாம் என்று டேங்க் வாங்கி வைத்த மனிதர் இரண்டு வருஷமாகத் தம்பி வீட்டு நெட்டில்தான் பிளான் அனுப்பியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, தனியாக இருந்ததால் சிரித்தும்விட்டேன்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நாள் கொடுத்தவர் இப்போது ஏன் நிறுத்தினார் என்று யோசித்தேன். சண்டை போட்ட வேகத்தில் நிறுத்தியிருந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. வெளியே வந்து மாடிப்படிக்கு அடியில் இருக்கிற மீட்டரைப் பார்த்தேன், மேல் வீட்டு மீட்டரில் விளக்கு சிமிட்டவே இல்லை, மெயினை அணைத்திருந்தது. மாடியில் பூட்டு தொங்கியது. சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக், வெளியூரில் லிஃப்ட் மாட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார், அது புதிதல்ல, சத்தமில்லாமல் இருந்ததை அதனால்தான் நாங்களும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்று மெயினை அணைக்காமல்தான் எப்போதும் போவார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், ஃபிரிட்ஜைக் காலிசெய்து, துடைத்து, கதவைத் திறந்து வைத்திருந்தது. திரும்பி வருவோமா என்று தெரியாதவர்கள்தான் அப்படி வைத்துவிட்டுப் போவார்கள்.

படியிலேயே உட்கார்ந்து போன் செய்தேன். இரண்டு வருஷம் கழித்துப் பேசுகிறோமே, எப்படித் தொடங்குவது என்று நான் தயங்குவதற்குள் அவரே, "அண்ணி, நெட் போயிடுச்சா?" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும், மெயினை அணைக்கும்போது கீழ் வீட்டு நெட் ஞாபகம் வரவில்லை, அண்ணனுக்கு வேலை கெட்டதா என்று கேட்டார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் தம்பி என்று நான் கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி என்று வந்தது. இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, வருகிற செவ்வாய்க்கிழமை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன், சொன்னார். என் மருந்துக் கடையில் தினமும் நான் எடுத்துக் கொடுக்கிற மாத்திரைகள்தான், எந்த மாதிரி நிலைமைக்குக் கொடுக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். நான் பார்த்துவிடுவேன் என்றே இத்தனை மாதமும் பஸ் ஏறிப் போய் வேறு கடையில் வாங்கியிருக்கிறார். அவரைத் திட்டினேன். நன்றாகத் திட்டினேன், மனசு கொஞ்சம் ஆறியது.

உங்கப்பா திரும்பி வந்ததும் சொன்னேன். முதலில் நெட் விஷயம்தான் அவருக்கு ஏறியது. "யார் நெட்டு?" என்று இரண்டு தரம் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி என்ற வார்த்தை உள்ளே போயிருக்க வேண்டும், கழுத்தில் ஒட்டிய முடியைக்கூடத் தட்டாமல் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தையல் வெளியே தெரிகிறது என்று நானும் சொல்லவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், இவர் ஆட்டோவில் போகும்போது முழங்கால் இரண்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

அங்கே போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். சித்தப்பா பாதியாக இளைத்திருக்கிறார், உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உங்கப்பா குளுக்கோஸ் தொங்கிய கம்பத்தைப் பார்த்து, "ஸ்டாண்டு சாஞ்சிருக்கு" என்றார். அதற்குச் சித்தப்பா, "வந்ததுலேருந்து அதைத்தான் பாத்துட்டு படுத்திருக்கேன்" என்றார். இவர் குனிந்து ஒரு காகிதத்தை மடித்து ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வைத்து நேராக்கினார். இரண்டு பேருமாக அது நேராகிவிட்டதா என்று பார்த்தார்கள். சமாதானம் இவ்வளவுதான், வேறு ஏதாவது நடக்கும் என்று நான் கைக்குட்டையோடு நின்றது வீண்.

பிறகு மெதுவாகப் பேச்சு வந்தது. நெட் கீழே வருவது சித்தப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். அவர் போனில் அந்தப் பெட்டிக்கென்று ஒரு ஆப் இருக்கிறது, எந்தெந்தக் கருவி அதைப் பிடித்திருக்கிறது என்று அதில் தெரியும், ஓடிக்கொண்டிருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ஊரில் எங்கே இருந்தாலும் பார்க்கலாம். "காலைல உன் புள்ளி பச்சையாகும். சரி, அண்ணன் எந்திரிச்சாச்சுன்னு நான் வேலைக்குக் கிளம்புவேன்" என்றார். வெளியூர் லிஃப்டுக் குழிக்குள் இறங்கும் முன்னாலும் பார்த்துக்கொள்வாராம். இவர் ஜுரத்தில் படுத்திருந்தாரே, அந்த நாட்களில் புள்ளி வராமல் எதிர்வீட்டு டீச்சரிடம் விசாரித்தாராம். அந்த அம்மாளும் என்னிடம் மூச்சு விடவில்லை. மணி அடித்து எங்களை வெளியே போகச் சொன்னபோது உங்கப்பா கையை நீட்டிச் சாவியைக் கொடு என்றார்.

மாலையில் ஒரு மணி நேரம்தான் உள்ளே விடுகிறார்கள், மற்ற நேரமெல்லாம் சித்தப்பா தனியாகத்தான் கிடக்க வேண்டும். இவர் வீட்டுக்கு வந்ததும் நேரே மாடி ஏறி மெயினைப் போட்டார். கீழே வந்து கம்ப்யூட்டரைப் போட்டார், ஒயரும் ஜன்னல் கம்பியும் இல்லாமலேயே அடாப்டர் உடனே வேலை செய்தது. நம் பெட்டி கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது, இதிலேயே சேர்த்துவிடலாமே என்று நான் ஆரம்பித்தேன், பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். பிளான் ஒன்றும் வரையவில்லை. மேஸ்திரி இரண்டு முறை கூப்பிட்டார், அடாப்டர் சரியில்லை என்று உங்கப்பா சொல்லச் சொன்னார், சொன்னேன். சும்மா விட்டால் கம்ப்யூட்டர் தூங்கிவிடுகிறது, தூங்கினால் அங்கே சித்தப்பா போனில் புள்ளி போய்விடும், அதற்காக அவ்வப்போது மவுஸை ஆட்டுகிறார். குளிக்கப் போனால், சாப்பிடப் போனால் என்னை உட்காரவைத்துவிட்டுப் போகிறார். இப்போதும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், நடுநடுவே கையெழுத்து கோணியிருந்தால் மவுஸை ஆட்டினேன் என்று வைத்துக்கொள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவருக்கு என்னைவிடப் பயம், வேர்த்துக் கொட்டுகிறது, கேட்டால் வெயில் என்பார்.

ஆபரேஷன் முடிந்து வந்தால் சித்தப்பா படி ஏறக்கூடாது, உன் அறையில் கட்டில் போடப் போகிறேன், உன் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்பாய். எடு என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளையோடு கலந்து பேசு. வராவிட்டாலும் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் சித்தப்பாவிடம் ஒரு தரம் பேசிவிடு, அழாமல் பேசு. நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடி பவரைப் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

மறக்காமல் ஒன்று. கம்ப்யூட்டர் தூங்காமல் இருக்க ஏதோ ஒரு செட்டிங் இருக்கும், படித்ததும் அதைச் சொல்ல உனக்கு வாய் துறுதுறுக்கும். செவ்வாய்க்கிழமை வரை உங்கப்பாவிடம் சொல்லிவிடாதே. அவருக்குச் செய்ய வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மவுஸை ஆட்டிக்கொண்டே,
அம்மா