கடையில் சொன்ன பொய்

ஐப்பசி, செவ்வாய் இரவு

அவர் தூங்கிவிட்டார். எனக்கு நித்திரை வரவில்லை.

காலையில் கரையான்சாவடிக் கடையில் ஒரு பாண் கேட்டேன். கடைக்காரர், "பானா? பீடா கடை அந்தாண்ட கீதும்மா" என்றார். யாழ்ப்பாணத்தில் ரொட்டியைத்தான் அப்படிச் சொல்வோம் என்று விளக்கியிருக்கலாம். விளக்கினால் எப்போது வந்தீர்கள், எப்படி வந்தீர்கள், அகதி முகாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கலியாணமாகி மாங்காட்டுக்கு வந்த நாளிலிருந்து அதே பதில்களைச் சொல்லிக் களைத்துப்போனேன். கண்ணாடிக்குள் இருந்த ரொட்டியைக் கைகாட்டினேன்.

"இன்னாம்மா, கேரளாவா?" என்றார்.

ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

பால் வாங்க நின்ற ஒரு பெண் சட்டென்று திரும்பினாள். "நாட்டில் எவிடெயா?" என்று, ஊரில் எந்த இடம் எனக் கேட்டபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. மலையாளத்தில் மடமடவென்று பேசினாள். எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. ஆனால் இந்த ஊரில் யாரும் என்னைக் கண்டு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அதற்காகவே கொஞ்ச நேரம் அவள் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன்.

பிறகு, "அக்கா, நான் யாழ்ப்பாணம்" என்றேன்.

அவள் பிடி தளர்ந்தது. "பரவால்ல" என்று தமிழில் சொல்லிவிட்டுப் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பின்னால் போய் மறித்திருக்கலாம். தனக்குத் தெரிந்த தமிழில் என்னோடு இரண்டு வார்த்தை கதைத்திருப்பாள். அவளுக்கும் இங்கே யாருமில்லை போலிருக்கிறது. பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

நாளைக்கும் அதே நேரத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தினமும் அங்கேதான் பால் வாங்குகிறாளோ, தெரியாது.