பாண்டிக்குத் துணை யார்?

ஏப்ரல் 27, ஞாயிறு

வடகம் பிழியலாமென்று மாவோடு மாடிக்கு ஏறினேன். தரையில் கால் வைக்க முடியவில்லை. மாவோடு இறங்கிவிட்டேன். சாயங்காலம் பார்க்கலாம்.

தெருவில் ஆண் வாடையே இல்லை. எல்லாரும் ரிக் வண்டியோடு வடக்கே. கோடைதானே போர்வெல் போடும் சீசன், மழை பிடித்தால்தான் திருச்செங்கோடு திரும்புவார்கள். என் வீட்டுக்காரர் சத்தீஸ்கரில். கல்யாணமானதிலிருந்து ஒரே பாட்டு: "மழைக்கு வந்ததும் எங்காச்சும் போலாம் மஞ்சு." மழைக்கு வருவார். ஒரு வாரம் தூக்கம். அப்புறம் வண்டிக்கு சர்வீஸ். அப்புறம் தீபாவளி. அப்புறம் நான் வாசலில் நின்று டாட்டா.

சாயங்காலம் கவிதா வீட்டு வாசலில் வைத்து முடிவு. பாண்டிச்சேரி. மூன்றே பேர்: நான், பக்கத்து வீட்டுக் கவிதா (ரவிக்கை தைக்கிறவள்), கடைசி வீட்டுத் தேன்மொழி. ஆம்பளை கிடையாது, மாமியார் கிடையாது, பிள்ளைகள் கிடையாது. மே 10 விடியலில் கிளம்பி மறுநாள் திரும்புவது. பையன் ராசிபுரம் ஹாஸ்டலில், லீவிலும் நீட் கோச்சிங். ஆக எனக்குத் தடை சொல்ல அத்தை (என் மாமியார்) மட்டும்தான்.

பார்க்க வேண்டியவை, கவிதா போனில் தேடிச் சொன்னபடி:
மஞ்சள் சுவர்த் தெரு.
காகிதப்பூ தொங்குகிற வாசல்.
கல் கடற்கரை, விடியும்போது. (தே. எழுந்திருப்பாளா?)
நீலக் கதவு. எந்தத் தெருவென்று அவளுக்கே தெரியாது.

இந்த வருஷம் போகாவிட்டால் எந்த வருஷமும் போகமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

வடகம் மறந்தேபோச்சு. மாவு புளித்துவிட்டது.

ஏப்ரல் 30, புதன்

அனல் காற்று. மதியம் கரண்ட் இல்லை.

வாட்ஸ்அப் குரூப் பெயர் "பாண்டி கேங்". மூன்று நாளாக அதில் ஒரே விஷயம், சேலை நிறம். மஞ்சள் சுவருக்கு மஞ்சள் கட்டினால் ஆளே தெரியாதாம். கவிதாவுக்கு மெரூன். மெரூன் கட்டினால் கறுப்பாகத் தெரிவேன் என்று தேன்மொழி. பச்சை என்று நான் போட்டேன். இரண்டு பேரும் பார்த்தார்கள், பதில் இல்லை. ரூமைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸைப் பற்றியும்.

மதியம் எதிர்வீட்டு சரசக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். அவர் வீட்டுக்காரரும் ரிக்கில் போனவர்தான். போனவருக்கு அங்கேயே இன்னொரு குடும்பம். தெருவுக்கே தெரியும், ஆனால் யார் கேட்டாலும் "வண்டில இருக்காருங்க" என்றுதான் எல்லாருமே சொல்வோம். சரசக்காவும் அப்படித்தான் சொல்வார். பேச்சுக்குப் பாண்டி போவதைச் சொன்னேன். பத்தாம் தேதி, விடியக்காலம் எங்க வீட்டில் இருந்து கிளம்புறோம், நீங்களும் வாங்கக்கா என்றேன், ஒரு மரியாதைக்கு. செருப்பை மாட்டிக்கொண்டே "வாரேன் சாமி" என்று கிளம்பிப் போய்விட்டார். பாவம், அவர் எங்கே வரப்போகிறார்.

அத்தையிடம் சொல்லியாச்சு. "என்னமோ பண்ணுங்க" என்றார். இதைச் சரி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மே 3, சனி

தேன்மொழியின் மாமியார் கடையில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நாலு பேர்.

"ஏனுங் மஞ்சு, பாண்டின்னா அந்தச் சாராயக்கடை ஊருதானுங்?"

"கடலும் இருக்குதுங்கத்தை."

"ஆம்பளைங்களே அங்க கண்ணு மறைவாத்தான் போவாங்க. நீங்க போட்டோ புடிக்கப் போறீங்களாக்கும்."

கடைக்காரர் சிரித்தார். ரவை வாங்கப் போனவள் உப்பு வாங்கி வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் உப்பு.

அவர் வாயை அடைக்க, போகிற வழியில் திருவண்ணாமலை சேர்க்கலாம் என்கிறாள் தேன்மொழி. அது வழியே இல்லை. சொன்னேன். "சாமிக்கு வழி என்னக்கா வழி" என்கிறாள். இப்படியே போனால் கடலுக்குப் போய் மொட்டை அடித்துவிட்டுத் திரும்புவோம்.

இரவு வீட்டுக்காரர் போன் பண்ணினார். பின்னால் கம்ப்ரசர் சத்தம். பாண்டி என்றதும், "எதுக்கு இப்ப? மழைக்கு வந்ததும் நானே கூட்டிட்டுப் போறன்ல?" தேதி குறித்தாச்சு என்றேன். "துணைக்கு யாரு?" என்றார். நாங்க மூணு பேர் ஒருத்திக்கொருத்தி துணை என்றேன். கம்ப்ரசரில் கேட்கவில்லையாம். மறுபடி சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

கத்திரி ஆரம்பித்தாச்சு. குழாய்த் தண்ணீர் கொதிக்கிறது.

கவிதாவின் கொழுந்தனார் ஈரோட்டிலிருந்து வருகிறாராம், துணைக்கு. கூடவே அவர் சம்சாரம், இரண்டு பிள்ளைகள். "நாம கேக்கலக்கா, அவராத்தான் வாரேன்றாரு" என்கிறாள். ஆம்பளை கிடையாது என்று அவள் வாசலில்தான் பேசினோம். நினைவூட்டினேன். "கொழுந்தனாரு வேற ஆம்பளையாக்கா" என்கிறாள்.

இப்போது பஸ் வேண்டாம், வேன். வேன் என்றால் இடம் இருக்கிறது. இடம் இருந்தால் தேன்மொழியின் மாமியார். அவர் வந்தால் எங்கள் அத்தைக்கு மட்டும் என்ன குறை? அத்தை காலையிலேயே மூட்டுவலித் தைலத்தை எடுத்துப் பையில் வைத்தாச்சு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

வாய்விட்டே சொல்கிறேன், கேட்கத்தான் ஆள் இல்லை: இவர்களோடு போவதற்கு நான் வீட்டிலேயே இருக்கலாம். அங்கேயும் நான்தான் தயிர்சாதம் கட்டி, தண்ணீர் பிடித்து, எல்லாரையும் நிறுத்தி வைத்துப் போட்டோ எடுக்கப்போகிறேன்.

மே 9, வெள்ளி

முடிந்தது கதை.

காலையில் தே. போன். அவள் சொந்த ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு நேற்றுக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் நோம்பி முடிகிறவரை ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. சரி, அம்மன் விஷயம், நான் என்ன பேச. ஆனால் காப்பு என்றைக்கு என்று பங்குனியிலேயே தெரியாதா? கேட்டேன். "தெரியுங்க்கா. சேலை எடுக்கற ஜோர்ல மறந்துட்டேன்."

மதியம் கவிதா. கொழுந்தனாருக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஏற்காட்டில் ரூமாம். குடும்பத்தோடு போகிறார்கள். பாண்டி வெயிலுக்குப் பிள்ளைகள் தாங்காதாம். ஏற்காடு எங்கே ஓடிப்போகிறது? சேலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலை. அங்கே என்ன மஞ்சள் சுவர் இருக்கிறது? "நீங்களும் வாங்கக்கா, வண்டில ஒரு ஆளு இடிச்சுப் புடிச்சு உக்காரலாம்" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

வேன்காரருக்குச் சொல்லியாச்சு. குரூப்பில் "ட்ரிப் கேன்சல்" என்று போட்டேன். இரண்டு பேரும் அழுகிற பொம்மை அனுப்பினார்கள். அத்தை தைலத்தைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தார். "போனாப் போவுது உடு, சாமி" என்றார். பச்சைச் சேலையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தேன். அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே 10, சனி. பஸ்ஸில் எழுதுவது, எழுத்து கோணல்.

விடிகிறபோது வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். சரசக்கா நிற்கிறார். கையில் ஜிப் வைத்த பை. தலையில் பூ. புதுச் சேலை, ரோஸ் நிறம்.

"வண்டி வர்லீங்களா சாமி?"

எந்த வண்டிக்கா என்று கேட்டுவைத்தேன்.

"பாண்டிக்குத்தான். நாந்தான் அன்னிக்கே வாரேன்னனே."

செருப்பை மாட்டிக்கொண்டு வாரேன் என்றால் உலகத்தில் யாரும் போறேன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். குரூப்பிலும் அவரைச் சேர்க்கவில்லை, கேன்சல் ஆனதும் தெரியாது. சொன்னேன். அக்கா பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அப்படீங்களா. செரி பரவால்ல" என்றார். ஆனால் திரும்பிப் போகவில்லை. தெருவில் பால்காரர் வண்டி வந்தது. அக்கா பையை முந்தானைக்குள் மறைத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது வீரம் எல்லாம் இல்லை, கோபம்தான். கவிதா மேல், காப்பு மேல், கம்ப்ரசர் மேல், எல்லாம் சேர்ந்து. "உள்ள வந்து உக்காருங்கக்கா, ஒரு குளியல் போட்டுட்டு வாரேன்" என்றேன்.

அத்தை எழுந்து வந்து, "ஏனுங் சரசு, இந்நேரத்துல எங்க?" என்றார்.

"பாண்டிக்குங்க."

"யாரு துணைக்கு?"

"மஞ்சுக்கு நானுங்க. எனக்கு மஞ்சுங்க."

அத்தை அலமாரியைக் காட்டினார். "தைலத்தையாவது எடுத்துட்டுப் போங்க" என்று உள்ளே போய்விட்டார்.

சேலத்தில் பாண்டி பஸ், கூட்டம். ஆத்தூர் வரை நின்றோம். தலைவாசல் தாண்டித்தான் ஜன்னல் சீட். அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வருகிறார். வெறும் மரவள்ளிக் காடு. அதையே அப்படிப் பார்க்கிறார்.

மே 11, ஞாயிறு

லாட்ஜ் கவுண்டரில் நேற்று ஒரு பையன், "ஜென்ட்ஸ் யாரும் வரலீங்களா மேடம்?" ஆதாரைக் கொடுத்தும் மறுபடி கேட்டான். "பின்னால வாராங்க" என்றார் அக்கா. அறைக்குள் வந்து யாருக்கா வருவது என்றேன். "எவனோ வரட்டும், நமக்கென்ன" என்றார்.

விடியற்காலை கடற்கரையில் மேகம். சூரியன் வரவே இல்லை. நீலக் கதவைத் தேடித் தெருத்தெருவாக நடந்து என் செருப்பு அறுந்ததுதான் மிச்சம். மஞ்சள் சுவர் கிடைத்தது. ஆனால் அங்கே கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடி, குடை, விளக்கு, ஆறேழு பேர். "ஆன்ட்டி, ஃப்ரேம்ல வராதீங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்கிறான் கேமராக்காரன். வெயில் ஏறிக்கொண்டே போகிறது. எனக்குத் திரும்பிவிடலாம் போல இருந்தது. இதற்காகவா இத்தனை பாடு.

அக்கா நேரே அவனிடம் போனார். "சாமி, நீங்க கல்யாணத்துக்கப்பறமும் எடுப்பீங்க. நாங்க மறுக்கா வர மாட்டமுங்க. கொஞ்சம் அக்கட்டால போங்க." கல்யாணப் பெண் சிரித்துவிட்டாள். நகர்ந்து கொடுத்தார்கள்.

என்னை அக்கா எடுத்ததில் பாதிக்குத் தலை இல்லை, மீதியில் அவர் கட்டைவிரல். ஒன்று மட்டும் தேறும். அதில் நான் எதற்கோ கத்திக்கொண்டிருக்கிறேன். பச்சை நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் அக்கா சுவரோடு நின்றார். பூவைச் சரிசெய்தார். "நல்லாச் சிரிக்கறாப்பல ஒண்ணு எடு சாமி." எடுத்தேன். இத்தனை வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் போனில் ஒரு நம்பரைக் காட்டினார். அவர் வீட்டுக்காரருடையது, பொங்கலுக்குப் பொங்கல் மட்டும் அடிக்கிற நம்பர்.

"இதுக்கு அனுப்பு."

"என்னன்னு எழுதட்டுங்க்கா?"

"ஒண்ணும் எழுதாத. யாரு எடுத்த போட்டோன்னு அவரே ரோசிக்கட்டும்."

அனுப்பிவிட்டேன்.