ரீரன் அழுத்தாதவருக்கு

இன்று காலை பில்ட் மறுபடியும் சிவந்தது. நாங்கள் எழுதும் நிரல்களையெல்லாம் சேர்த்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும் வேலை நீங்கள் எழுதிய சோதனையில் வந்து நின்றுவிட்டது. அதன் பக்கத்தில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் பீளமேட்டு அலுவலக வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? சிவப்பு வந்தால், சோதனையை மறுபடி ஓடவிடும் ரீரன் பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். திரும்பி வருவதற்குள் பெரும்பாலும் பச்சையாகியிருக்கும். எல்லோருக்கும் நிம்மதி, உங்களைத் தவிர. "ஏனுங்க அம்மணி, எதனால உழுந்துச்சுன்னே தெரியாம உங்களுக்கெல்லாம் எப்படிங்க டீ எறங்குது?" என்பீர்கள். காரணம் தெரியும்வரை எழ மாட்டீர்கள். அன்னூர் பஸ் போனாலும் போகட்டும் என்று இருப்பீர்கள்.

அப்படிப்பட்டவர் உங்கள் நெஞ்சுவலியை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வண்டிச் சாவியை எடுத்தேன். "செத்த உக்காந்தாப் போயிருதுங்க. கேஸ் ட்ரபிளா இருக்கும். ரிலீஸ் முடியட்டும், நானே போய்ப் பாத்துப்போட்டு வாரேன்." புது நிரலை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அந்த ரிலீஸ் நல்லபடியாக முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் போன் செய்தார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இன்னும் அது போகவில்லை.

இன்று புது டீம் லீட், "எப்பவாச்சும்தானுங்க உழுகுது, அந்த டெஸ்ட்டத் தூக்கிப்போடலாங்க" என்றார். முடியாது என்றேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். உங்கள் சோதனை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எங்கள் வாடிக்கையாளரான பம்ப் கம்பெனியின் கிடங்கில் ஒரே ஒரு பம்ப்செட் மிச்சமிருக்கும்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால், எங்கள் நிரல் இரண்டு பேருக்கும் தருகிறேன் என்று சொல்லிவிடுகிறது. திருத்தினேன், பச்சை வந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சொல்லிச் சந்தோஷப்பட நீங்கள் இல்லை.

போன வாரம் அம்மா, "லேசாத் தலை சுத்துச்சு கண்ணு, இப்பச் சரியாப்போச்சு" என்றார். சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். "ஒண்ணுமில்லாததுக்கு இங்க வந்து உக்கார வெச்சிருக்கறயே" என்று அம்மா வழியெல்லாம் திட்டினார். டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். தொந்தரவு நின்ற பிறகும் விடாமல் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்கிறவளாக என்னை ஆக்கிவிட்டீர்கள். உங்களுக்காக ஒரே ஒரு தடவை என்னை அப்படி நிற்க விட்டிருக்கலாமே.