வாசலில் எங்கள் செருப்புகள்

ஞாயிறு, இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

மதியம் புக்கிட் மேராவில் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனுக்குப் பிடிக்காத கட்சியின் பெண் வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வந்தார். "வணக்கம், வீட்ல இருக்கீங்களா?" என்று குரல் கேட்டது. அண்ணன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். தன் மகள் ஷெரினிடம், "யாரும் இல்லன்னு சொல்லு" என்றார். அவளுக்கு ஒன்பது வயது.

"நோபடி அட் ஹோம், ஆன்ட்டி" என்று கத்தினாள். வாசல் நிறைய எங்கள் செருப்புகள் கிடந்தன. அந்த அம்மாள் துண்டறிக்கையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்.

"பிள்ளைய எதுக்குண்ணே பொய் சொல்ல வைக்கிறீங்க?" என்றேன்.

"அப்பா காலத்துலேர்ந்து நம்ம வீடு ஒரே கட்சிதான் லா. ரிப்போர்ட்டர் மேடம் இங்கயும் பேட்டி எடுக்க வந்துட்டாங்க." எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடட்டும். ஷெரினின் ஓட்டையும் இப்போதே போட அவர் யார்? கட்சி மாறாத வாக்காளர்களைப் பற்றி எத்தனை தேர்தலில் எழுதியிருப்பேன். இப்படித்தான் அவர்களை வளர்க்கிறார்கள்.

கிளம்பும்போது ஷெரின் அந்தத் துண்டறிக்கையை உருவி எடுத்தாள். படிப்பாள் என்று நின்றேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டாள். அப்படிச் செய் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.