புழுவை மறைக்காத அப்பாவுக்கு

என் பிரியமான அப்பா,

அம்மா நன்றாக இருக்கிறார். காலையில் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். நீங்கள் முதலில் கேட்பது இதைத்தானே?

பக்கவாதத்தில் விழுந்த பிறகு அம்மாவால் வாயை மூட முடியவில்லை. கீழே காய்கறித் தோட்டத்தில் கோழி எரு போட்டால் நம் லயத்து வீடுகள் முழுக்க ஈ மொய்க்கும். ஒருநாள் அவர் வாயில் நாற்றம், ரத்தக் கசிவு. டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் ஈறு குழிந்திருந்தது. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அலறிவிட்டேன்.

"வெளிய சொல்லாதீங்க மாமா, சாமி குத்தம்னு பேசுவாங்க லா," என்றார் சித்தி.

"இவள எதுக்கும்மா சாமி தண்டிக்கப் போவுது? கதவத் தொற," என்றீர்கள். திரிங்காப் ஊரில் ஏற்றிய முட்டைக்கோஸ் நீங்கள் ஓட்டும் லோரியில் இறக்காமலே இருந்தது. அந்த லோரியின் முன்சீட்டில் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தீர்கள்.

ஈ முட்டையிட்டதால் வந்தது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். குழியில் மருந்து விட்டதும் மூச்சுக்காக மேலே வந்த புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். மறுநாளும் எடுத்தார், அழுகிய சதையைச் சுத்தம் செய்து மாத்திரை கொடுத்தார். இரண்டு நாளும் அம்மாவின் தலையைப் பிடித்திருந்தது நீங்கள்தான். "வலிச்சா என் கையக் கடி புள்ள." அம்மா கடிக்கவில்லை. உங்கள் விரலை விடவும் இல்லை.

புண் ஆறி வீடு திரும்பியதும் கட்டிலுக்கு வலை கட்டினீர்கள். விரலில் துணி சுற்றி, சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொரு முறையும் அம்மாவின் வாயைத் துடைத்தீர்கள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைக்கு அவ்வளவு மென்மை எங்கிருந்து வந்தது?

லயத்தில் கேட்டவர்களிடமெல்லாம், "வாயில புழு வச்சிருச்சு, டாக்டர் எடுத்துட்டாங்க. நோவுதானே, இதுல என்னா வெக்கம்?" என்றீர்கள். அதைக் கேட்டுத்தான் பின்லயத்துச் சகாயமேரி அக்கா அழுதுகொண்டே வந்தார். பல் பிடுங்கிய புண்ணில் புழு வைத்த தம்பியை அறைக்குள் ஒளித்து வைத்திருந்தார், பாவம். அந்தத் தம்பியையும் அதே லோரியில் கொண்டு போனீர்கள். பிழைத்துக்கொண்டார்.

நீங்கள் எங்களை விட்டுப் போன அன்று உங்கள் சவப்பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்தது அந்தத் தம்பிதான் அப்பா. யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். அழுகைக்கு நடுவிலும் என் நெஞ்சு நிமிர்ந்தது.

இப்போது அம்மாவின் வாயைத் துடைப்பது நான். யார் கேட்டாலும் நடந்ததைக் குரல் தாழ்த்தாமல் சொல்வேன். இது சத்தியம்.

லோரிக்காரர் மகள் என்ற பெருமையுடன்,
உங்கள் மூத்தவள் சாந்தி