பொன்னாடை போர்த்தியவன்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே வெயில். மலை மேல் ஒரு மேகம்கூட இல்லை. மார்க்கெட் போவதாக வீட்டில் மலரிடம் சொல்லிவிட்டு, பழைய ஃபுட்பால் கிளப்பின் பயிற்சி ஆட்டம் பார்க்கப் போனேன். மைதானச் சுவருக்கு வெளியே டீக்கடை ஓரம், வண்டி மேலேயே உட்கார்ந்து முழு ஆட்டமும். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தலை வெந்துவிட்டது. மனசு மட்டும் ஜில்லென்று இருந்தது.

வேலூர் டீமோடு ஆட்டம். 1–3. சீசனுக்கு முன் இது அவர்களுக்கு இரண்டாவது தோல்வி.

கோல்கீப்பர்: புதுசு. உயரம் இருக்கிறது. உயரப் பந்து வந்தால் கோட்டிலேயே நின்றுவிடுகிறான்.
ரைட் பேக்: ஏறிப் போகிறான், இறங்கி வருவதில்லை. இரண்டு கோல் அந்த வழியில்தான்.
நடுவில் மூன்று பேர்: ஒருத்தருக்கொருத்தர் பந்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கல்யாணத்தில் தாம்பூலம் கொடுப்பதுபோல.
கோச்: ஆட்டத்தைவிடக் கையிலிருந்த டேப்லெட்டைத்தான் ஜாஸ்தி பார்த்தார்.

அந்தக் கோச், கிளப் தலைவரின் மருமகன். சென்னையில் ஏதோ கோர்ஸ் முடித்தவர். அவருக்கு இடம் வேண்டும் என்றுதான் போன வருஷம் என்னை அனுப்பினார்கள். பதினோரு வருஷம் அந்தப் பையன்களோடு ஓடியவன் நான். தலைவரின் லாட்ஜ் ஹாலில் கூட்டம் போட்டு, “சாருக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு இருக்கோம்” என்றார் தலைவர். நான் கேட்கவே இல்லை அந்த ஓய்வை. எல்லோரும் கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தியது யார்? கேப்டன் வேலு. இருபது வயதிலிருந்து நான் வளர்த்த ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நிற்கிற தடுப்பாளன். என் முகத்தைப் பார்க்காமல் போர்த்திவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

அந்தப் பொன்னாடையில் இப்போது பைக் துடைக்கிறேன். ஜரிகை கீறுகிறது, அதற்கும் லாயக்கில்லை.

இன்றைக்கு வேலு ஆடவில்லை. பெஞ்சிலும் காணோம். காயமோ? இருக்கட்டும்.

மார்க்கெட் போக மறந்துவிட்டேன். வெறும் பையோடு வந்ததைப் பார்த்து மலர் பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். அவளுக்குத் தெரியும்.

ஜூலை 7, திங்கள்

தாலுகா ஆபீஸில் ஜமாபந்திக் கணக்கு பாக்கி வேலை. மத்தியானம் இம்தியாஸ் போன். என் புது டீமின் கோல்கீப்பர், கேப்டன். கோயில் பே கோபுரம் பக்கம் டெய்லர் கடை. அவனையும் பழைய கிளப் போன வருஷமே கழித்துவிட்டது. என் டீமில் பாதிப் பேர் அவர்கள் வேண்டாம் என்று தள்ளியவர்கள். மீதி, வேங்கிக்கால் புது வீடுகளில் குடிவந்த பையன்கள்.

செய்தி: வேலுவைக் கழித்துவிட்டார்கள். முப்பத்திரண்டு வயதாம். வேகம் கம்மியாம். டேப்லெட் சொன்னதாம்.

ஃபைலை மூடி வைத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய் ஒரு பாதாம் பால் குடித்தேன். தனியாகவே. கொண்டாட்டம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் பயிற்சி. நம் டீம் நிலவரம் நேர்மையாக: முன்வரிசை நன்று. இரண்டு விங்கும் வேகம். கோல் பற்றிக் கவலை இல்லை. ஓட்டை ஒன்றே ஒன்று, ஸ்டாப்பர். தினேஷ் குதிக்கிறான், இடிக்கிறான், பயமில்லை. ஆனால் பந்தைப் பார்த்தால் ஆளை விட்டுவிடுகிறான். முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பியே பார்ப்பதில்லை. லீக்கில் இது நம்மைக் கொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கிளப்போடு பயிற்சி ஆட்டம். நான்தான் கேட்டு வாங்கினேன். ஜெயித்தாக வேண்டும். லீக் அப்புறம்.

ஜூலை 8, செவ்வாய்

வேலு வந்தான்.

பயிற்சி நடுவில், கோட்டுக்கு வெளியே பையோடு நின்றான். கொஞ்ச நேரம் கண்டுகொள்ளவில்லை. பையன்கள் என்னையே பார்த்தார்கள். பிறகு போனேன்.

“சார், உங்க டீம்ல சேரலாமான்னு கேக்க வந்தேன்.”

“உனக்குத்தான் பெரிய டீம் இருக்குதே.”

“எடுத்துட்டாங்க சார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

ஒரு வருஷம் மனசுக்குள் எத்தனையோ தடவை இந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நல்ல நல்ல வசனமாக வரும். இன்று ஒன்றும் வரவில்லை. புதுப் பையன்களுக்கு வைக்கிற செலக்‌ஷன் உண்டு, அவர்களோடு ஓடு என்றேன். ஓடினான். காலேஜ் பையன்களோடு வரிசையில் நின்று, கூம்பு கூம்பாக வளைந்து. மூச்சு வாங்கியது. ஒரு வார்த்தை முனகவில்லை.

அப்புறம் ஆறுக்கு ஆறு ஆட்டம். ஒரு தடவைகூட ஓடிப் போய்ப் பந்தைப் பறிக்கவில்லை. பந்து வரும் இடத்தில் முன்னாலேயே நின்றான். நான் சொல்லிக் கொடுத்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

சேர்த்துக்கொண்டேன். காரணம் இரக்கம் இல்லை, இங்கேயே எழுதி வைக்கிறேன். அவன் வேறு எந்த டீமுக்கும் போகக் கூடாது. நம் பனியனைப் போட்டுக்கொண்டு நம் பெஞ்சில் உட்காரட்டும். எல்லோரும் கை தட்டும்போது சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அவன் வேலை பார்ப்பது தலைவர் லாட்ஜ் ரிசப்ஷனில். இங்கே நடப்பதை அங்கே போய்ச் சொல்ல அனுப்பியிருந்தால்?

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பயிற்சி இல்லை, மைதானம் முழுக்க வெளியூர் பஸ். கோல்கம்பத்தில் யாரோ ஈரத்துண்டு காயப்போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்த ரேட். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

வரும் வழியில் தலைவர் லாட்ஜ். கண்ணாடி வழியாக வேலு தெரிந்தான். சாவி கொடுக்க, பெட்டி தூக்க, கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்ல. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் மலரிடம் பெஞ்ச் திட்டத்தைச் சொன்னேன். ரசித்துச் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டே, “ஞாயித்துக்கிழமை ஜெயிக்கணும்னு ஒரு மாசமா பொலம்புறீங்க. ஜெயிக்கிறதுக்கு ஆள் வந்தா உக்கார வெப்பேன்னு சொல்றீங்க. ரெண்டுல எதுங்க வேணும் உங்களுக்கு?” என்றாள்.

இரண்டும் வேண்டும். ஏன் கிடைக்காது?

துவரம்பருப்பு, சோப்பு, கரன்ட் பில்.

ஜூலை 13, ஞாயிறு

தோல்வி. 1–2.

நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

அவர்கள் மைதானம். நல்ல கூட்டம். முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைவர், பக்கத்தில் நாலைந்து பேர். முதல் பாதி முழுக்க நம் கையில். அந்த ரைட் பேக் வழக்கம்போல ஏறிப் போனான், அவன் விட்ட இடத்தில் நம் விங் புகுந்தான், கோல். நான் நினைத்தது நினைத்தபடி. மருமகன் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஒரு நிமிஷத்துக்காக ஒரு வருஷம் காத்திருக்கலாம்.

இரண்டாம் பாதியில் தினேஷின் முதுகைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே மாதிரி உயரப் பந்து, தூரத்துக் கம்பத்துக்கு. முதல் தடவை வெளியே போனது. இரண்டாவது தடவை இம்தியாஸ் பாய்ந்து தட்டினான். மூன்றாவது தடவை கோல்.

இம்தியாஸ் பெஞ்சைப் பார்த்துக் கத்தினான், “கோச், வேலுண்ணனை அனுப்புங்க.”

காதில் விழாததுபோல் இருந்தேன். பக்கத்தில் வேலு எழுந்து, கால்களை உதறிக்கொண்டு, கோட்டோரம் இரண்டு தடவை ஓடிவிட்டு வந்து நின்றான். என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒரு ஃபார்வர்டை இறக்கினேன். வேலு உட்கார்ந்தான்.

எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் இறக்க வேண்டியது யாரை என்று அந்த மைதானத்தில் டீ விற்றவருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

கடைசியில் கார்னர். தினேஷ் பந்தைப் பார்த்தான், ஆளை விட்டான்.

முடிந்ததும் தலைவர் வந்து கை கொடுத்தார். “பசங்க நல்லா ஆடுனாங்க சார்.” சொல்லும்போது பார்வை என் மேல் இல்லை, என் பின்னால் பை கட்டிக்கொண்டிருந்த வேலு மேல்.

தினேஷ் அழுதான்.

ஜூலை 14, திங்கள்

புழுக்கம். சாப்பாட்டு நேரத்தில் இம்தியாஸ் ஆபீஸுக்கே வந்துவிட்டான். வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். கேப்டன் பட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தான்.

நேற்று தோற்றது தினேஷால் இல்லை, உங்களால்தான் என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அளவெடுத்துச் சொல்வதுபோல் சொன்னான்.

“உங்களுக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கும் கோச். அதுக்கு எங்களை எதுக்கு ஓட வுட்டீங்க? நானும் அவங்க வேணாம்னு தள்ளுனவன்தான். எனக்கும் ஜெயிக்கணும்னு இருக்காதா?”

வேலு வேவு பார்க்க வந்தவனாக இருந்தால் என்ன செய்வது என்று ஏதோ இழுத்தேன்.

அப்போதுதான் சொன்னான். சனிக்கிழமையே தலைவர் வேலுவைக் கூப்பிட்டு, நம் டீம் பனியனோடு மைதானத்தில் பார்த்தால் திங்கட்கிழமை லாட்ஜுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வேலு வந்தான். இன்று காலை ரிசப்ஷனில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

“வேலையை வுட்டுட்டு வந்தவரை உக்கார வெச்சீங்க கோச்.”

பட்டையை அவன் கையிலேயே திரும்பத் திணித்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் பையில்தான் போட்டான்.

டிபன் பாக்ஸ் திறக்கவில்லை. கோபம் போய்விட்டதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். போகவில்லை. பாதி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை 15, செவ்வாய்

சாயங்காலம் மழை. பயிற்சிக்கு வேலு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பையன்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டுத் தேடிப் போனேன். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தான். மச்சான் ஆட்டோவாம், வாடகைக்கு எடுத்திருக்கிறான். இரண்டு வெள்ளைக்கார அம்மாக்களை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்தான்.

நனைந்துகொண்டே போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அவன் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தான்.

“எங்க சார் போவணும்?”

“எங்கயும் இல்ல. அன்னைக்கு நீ ஏன் போத்துன?”

என்ன என்று கேட்கவில்லை. ‘கையில் கொடுத்தார்கள், போர்த்தினேன், எனக்கே அப்போதுதான் தெரியும்’, இப்படி ஏதாவது சொல்வான் என்று நினைத்திருந்தேன்.

“முந்தின நாளே தெரியும் சார். தலைவர் கூப்ட்டு சொல்லிட்டாரு. உங்களுக்கு போன் பண்ணலாம்னு எடுத்தேன், வெச்சுட்டேன். வேலை போயிடும்னு பயம்.”

அந்த லாட்ஜ் கண்ணாடியைவிட இந்தப் பதில் சுத்தமாக இருந்தது. வலியும் ஜாஸ்தி.

“இப்ப அந்த வேலை போயிடுச்சே.”

“போயிடுச்சு சார். அதான் சொல்ல முடியுது.”

மன்னிக்க மாட்டேன் என்றேன். நான் கேட்கவில்லை சார் என்றான். மழை ஆட்டோ கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நேற்று முன்தினம் உன்னை இறக்கியிருக்க வேண்டும் என்றேன். மரியாதைக்குக்கூட மறுக்கவில்லை.

“ஆமா சார். எறக்கி இருந்தா ஜெயிச்சிருப்போம்.”

வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். காசு நீட்டினேன். வாங்கிக்கொண்டான். அது எனக்குப் பிடித்தது.

ஜூலை 16, புதன்

வானம் தெளிவு. லீக் அட்டவணை வந்துவிட்டது. வரும் ஞாயிறு முதல் ஆட்டமே பழைய கிளப்போடு. செல்லில் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். சூப்பரின்டெண்ட் எட்டிப் பார்த்தார்.

பயிற்சி. வழக்கமாக ஆறு பேர்தான் சீக்கிரம் வருவார்கள், இன்று வேலு உட்பட எல்லோருமே வந்திருந்தார்கள். தினேஷைத் தனியாகக் கூப்பிட்டு, ரைட் பேக்குக்கு மாற்றுகிறேன், தண்டனை இல்லை, அங்கே உன் வேகம் வேண்டும் என்றேன். முகம் வாடியது. நேற்று வரை என் இடம் என்று நின்ற இடத்தைப் பார்த்தான். வேலு அவன் தோளில் தட்டி, பந்து வரும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கச் சொன்னான். ஒரு மணி நேரம் உயரப் பந்து மட்டும். ஒன்றுகூடத் தூரத்துக் கம்பத்துக்குப் போகவில்லை. இம்தியாஸ் கையில் பட்டை.

நானும் வேலுவும் ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியதும் இல்லை.

ஞாயிறு அணி எழுதியாகிவிட்டது. ஸ்டாப்பர், வேலு.

தலைவர் முன் வரிசையில்தான் உட்காருவார். உட்காரட்டும்.