அம்மோனியா ரூமில் பிருந்தா

கொட்டாம்பட்டி,
8-6-2025, ஞாயிறு

என் செல்லப் பிருந்தாவுக்கு,

(உறைமேல் ‘முனீஸ்வரி’ என்று என் பெயரைத்தான் எழுதியிருப்பேன். குழம்பாதே, இது உனக்குத்தான்.)

நான் நலம். என் போன் நலமில்லை. வந்த மூன்றாம் நாள் ஐஸ் தண்ணீர்த் தொட்டியை வீடியோ எடுக்கப்போய் உள்ளே நழுவவிட்டேன். அரிசி டப்பாவுக்குள் ரெண்டு நாள் புதைத்து வைத்தும் உயிர் வரவில்லை. இனிமேல் நமக்குப் பேப்பரும் பேனாவும்தான். தயவுசெய்து இங்கே ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டுவிடாதே. யாரைக் கேட்பாய்? முனீஸ்வரி என்றால் “அப்படி யாரும் இல்லையே” என்று வைத்துவிடுவார்கள். பிருந்தா என்றால் “நீ யாரும்மா?” என்பார்கள். அப்போது என்ன பெயர் சொல்வாய்? யோசித்தாலே தலை சுற்றுகிறது.

கடிதத்தைப் பால் டேங்கர் ஓட்டுகிற சுருளி அண்ணன் கொண்டுவருவார். தினமும் மதுரைக்குப் பால் ஏற்றிப் போகிறவர். உன் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் கொடுப்பார். பதிலையும் அங்கேயே கொடுத்துவை.

நாம் செய்தது சரிதானே? திரும்பத் திரும்ப எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஐடிஐயில் ரெண்டு மாதப் பயிற்சிக்கு உனக்கு இந்தப் பால் குளிரூட்டும் நிலையம் விழுந்தது, எனக்கு மதுரை ஆஸ்பத்திரி ஏசி பிளான்ட். உன் அப்பா உன்னை வெளியூரில் தங்க விடமாட்டார், தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர உனக்கு மலைப்பு. எனக்கோ பேரையூரிலிருந்து தினமும் வந்துபோக முடியாது, நம்ம ஹாஸ்டலும் மூடல். இங்கேயோ ரூமும் சாப்பாடும் சும்மா. “போர்ட்டலைப் பூட்டியாச்சு, இனி மாத்த முடியாது” என்று நம்ம ஐடிஐ சத்யப்ரியா மேடம் சொல்லிவிட்டார். போட்டோ ஒட்டாத பயிற்சிக் கடிதம்தானே என்று பஸ் ஸ்டாண்டில் வைத்து மாற்றிக்கொண்டோம். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் முதல் நாள் இங்கே “பிருந்தா!” என்று கூப்பிட்டபோது நான் பின்னால் திரும்பி உன்னைத் தேடினேன்டீ.

அதை விடு. மிஷின் ரூமைச் சொல்லவா? யூடியூப்பில் நூறு தடவை பார்த்த அம்மோனியா கம்ப்ரசர், நேரில், யானை மாதிரி, ரெண்டு! பொறுப்பாளர் செல்வக்குமார் சார் முதல் நாளே என்னை ஆயில் லெவல் பார்க்கச் சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மோனியா நெடி என்று நினைத்து வெளியே போய் நிற்கச் சொன்னார்.

இப்படிக்கு,
முனீஸ்வரி (இங்கே நீ)

—

மதுரை,
12-6-2025

அன்பு முனீஸ்,

டீக்கடைக்காரர் “முனீஸ்வரி யாருப்பா?” என்று கத்துகிறார், நான் பாட்டுக்கு வடை தின்றுகொண்டு நிற்கிறேன். அப்புறம்தான் அது நான் என்று உறைத்தது.

இங்கே ஏசி பிளான்ட் ஏழாவது மாடிக்கு மேல் மொட்டை மாடியில் இருக்கிறதாம். இருக்கிறதாம் என்றுதான் சொல்ல முடியும். “பொம்பளப் புள்ளைக்கு மேல என்ன சோலி? வெயில்ல கருத்துப் போயிருவ, கீழயே உக்காரு தாயி” என்கிறார் சூப்பர்வைசர் காசிமாயன். ஒவ்வொரு ரூமாகப் போய் ஏசிக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். நூற்று நாற்பது ஒட்டியாகிவிட்டது. ஒரு நோயாளியின் தாத்தா என்னைப் பார்த்து “எந்தக் கட்சிம்மா?” என்று கேட்டார்.

உன் லாக் புக்கை நான்தான் எழுதுகிறேன். ‘இன்று ஸ்டிக்கர் ஒட்டினேன்’ என்று எழுதினால் மார்க் போடுவார்களா? எப்படியோ பார்த்துக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே.

உன்,
பிருந்தா

—

கொட்டாம்பட்டி,
29-6-2025, ஞாயிறு

அடியே பிருந்தா,

பதினேழு நாளாக ஒரு வரி இல்லை. சுருளி அண்ணன் “டீக்கடையில ஒண்ணும் குடுக்கலயே பாப்பா” என்று கையை விரிக்கிறார். கோபமா? உடம்பு சரியில்லையா?

இங்கே முதல் மாத மதிப்பெண் போட்டுவிட்டார்கள். பத்துக்கு ஒன்பதரை! சார் போர்ட்டலில் ஏற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். பெயர்: பிருந்தா. தகப்பன் பெயர்: சிவசங்கரன். குதிக்கலாம் என்று காலைத் தூக்கி, அப்படியே நின்றுவிட்டேன். என் மார்க்குக்கு உன் பெயரில் நான் சந்தோஷப்படுவதா, பொறாமைப்படுவதா?

ஆனால் பத்துக்கு ஒன்பதரை வாங்கினது நான்தான், ஆமாம்தானே? நீயே சொல்லு.

எனக்கு அங்கே எத்தனை போட்டார்கள்? உடனே எழுது. என் அம்மா பாண்டியம்மாள் தினமும் சார் போனுக்கு… இல்லை, கூப்பிடுவதில்லை. நான்தான் நம்பரையே கொடுக்கவில்லையே. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார். “உள்ள எல்லாரும் உன்ன வேற பேரு சொல்லில்ல கூப்புடுறாக?” என்று போன வாரம் கேட்டார். “அது செல்லப் பேரும்மா” என்றேன். அம்மா நம்பினமாதிரி தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் முனீஸ்

—

மதுரை,
3-7-2025

முனீஸ்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை ஜாஸ்தி. இங்கே எல்லாம் நன்றாகப் போகிறது. லேயர், ஷேடோ எல்லாம் கை பழகிவிட்டது, ஒரு நாளைக்கு எட்டு முடிக்கிறேன்.

ஒன்பதரை மெசேஜ் அப்பா போனுக்கு வந்தது. ஆபீஸ் முழுக்கக் காட்டினாராம். பிளஸ் டூவில் நான் கணக்கில் ஃபெயிலான பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசியதே இல்லை, உனக்குத் தெரியும். நேற்று என் தட்டில் அவர் கையாலேயே இன்னொரு தோசை வைத்தார். அம்மா சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்க் இன்னும் போடவில்லை. போட்டதும் சொல்கிறேன்.

பிருந்தா

—

கொட்டாம்பட்டி,
20-7-2025, ஞாயிறு

பிருந்தா,

ஏசி வேலையில் லேயர் ஏது? ஷேடோ ஏது? ரெண்டு வாரமாக அதை நினைத்தே மண்டை காய்கிறது. நம்ம புத்தகம் முழுக்கத் தேடிவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை மத்தியானம் மிஷின் ரூமில் நெடி வழக்கத்தைவிட ஒரு பிடி கூட. “அது எப்பவும் அடிக்கிறதுதான்” என்றார் ஆபரேட்டர். எனக்கு மனசு கேட்கவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு, கந்தகக் குச்சியைக் கொளுத்தி ஒவ்வொரு வால்வாகக் காட்டிக்கொண்டே வந்தேன். அம்மோனியா கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை வரும் என்று படித்தோமே. நாலாவது வால்வில் குபுக்கென்று வந்தது! கத்தினேன் பாரு. சார் ஓடிவந்து மூடச்சொன்னார், நான்தான் மூடினேன். “ஏய், இந்தப் புள்ளைக்கு இருக்கிற மூக்கு ஒங்க ஒருத்தனுக்கும் இல்லையேடா” என்று எல்லாரையும் திட்டினார். ஆகஸ்டிலிருந்து ஒரு வருட அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்வதாக ஐடிஐக்கு அன்றைக்கே எழுதிவிட்டார். உன் பெயரில்.

கெட்டது இனிமேல்தான். நேற்று சத்யப்ரியா மேடம் சாருக்குப் போன் போட்டார். வைத்துவிட்டு சார் என்னிடம் கேட்கிறார்: “ஏம்மா பிருந்தா, ஒங்க செட்டுல முனீஸ்வரின்னு ஒரு புள்ளயாமே? ஆஸ்பத்திரியில பதினோரு நாளோட நின்னுருச்சாம். பரீட்சை எழுத விடமாட்டாகளாம். பொறுப்பில்லாத புள்ளயோ?”

நான் என்னத்தைச் சொல்ல? “தெரியல சார்” என்றேன். என்னைப் பற்றி என்னிடமே கேட்கிறார், நான் தெரியாது என்கிறேன்!

பதினோரு நாளா? நீ எங்கடீ போகிறாய்?

முனீஸ்வரி

—

மதுரை,
23-7-2025

முனீஸ்,

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஜூன் பதிமூன்றோடு நின்றுவிட்டேன்.

ஸ்டிக்கர் தீர்ந்துபோனது. அடுத்து என்ன செய்ய என்று கேட்டேன். “இங்கன உக்காந்து வர்றவுகளுக்கு டீ சொல்லு” என்றார் காசிமாயன். மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் கால் போகவில்லை. எதிரே மருது அண்ணனின் பிளக்ஸ் போர்டு கடை. ஒரு காதுகுத்து பேனரில் பிள்ளையின் காதே தெரியாதபடி மாமன் போட்டோவைப் போட்டு வைத்திருந்தார்கள். “அண்ணே, நான் சரி பண்ணவா?” என்றேன். “பண்ணு பாப்போம்” என்றார். போட்டோஷாப் எனக்குத் தெரியுமே, வீட்டில் பார்த்துப் பார்த்துப் பழகினதுதானே. ஒரு மணி நேரத்தில் முடித்தேன். “நாளைக்கும் வாம்மா” என்றார். அன்றிலிருந்து தினமும் அங்கேதான். லேயர், ஷேடோ எல்லாம் அதுதான். கொட்டாம்பட்டிப் பக்கம் போன வாரம் ஒரு கும்பாபிஷேக பேனர் கட்டினார்களே, பார்த்தாயா? நான் செய்தது.

உன் பெயரில்தான் ஆப்சென்ட் விழுகிறது என்று எனக்கு முதல் நாள் ஞாபகம் இருந்தது. ரெண்டாவது நாளும் இருந்தது. அப்புறம் அதை நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். அதனால்தான் உனக்குக் கடிதம் எழுத முடியவில்லை.

இப்போது அப்ரண்டிஸ் மெசேஜும் அப்பாவுக்கு வந்துவிட்டது. “முதல் சம்பளம் வாங்கினதும் அழகர்கோயில் போறோம்” என்கிறார். தினமும் ஏழே முக்காலுக்கு அவரே ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார், நான் ஆஸ்பத்திரி ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறேன். ஆமாம், அப்பாவிடம் பால் நிலையத்துக்குத் தினமும் போய்வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். என்னால் சொல்ல முடியவில்லை முனீஸ். நீ ஏதாவது வழி கண்டுபிடி.

பிருந்தா

—

கொட்டாம்பட்டி,
25-7-2025, வெள்ளி

பிருந்தா,

வழி கண்டுபிடித்துவிட்டேன். நேற்று சாரிடம் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு மாசமா பொய்ப் பேருல ஒரு புள்ள என் அம்மோனியா ரூமுக்குள்ள நின்னுருக்கு. அன்னைக்கு வால்வு வெடிச்சிருந்தா நான் யாரு வீட்டுக்குப் போன் போட்டுருப்பேன்?” என்றார். உன் வீட்டுக்குத்தான் போட்டிருப்பார் பிருந்தா. உன் அப்பா ஓடிவந்திருப்பார். என் அம்மா பேரையூரில் துணி துவைத்துக்கொண்டு இருந்திருப்பார். இது இம்புட்டு நாளும் எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத் தோன்றியதா?

“பேரச் சரி பண்ணிட்டு வா. அதுவரைக்கும் மிஷின் ரூம்ல காலு வைக்காத” என்று சொல்லிவிட்டார். நடந்ததை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். திங்கள்கிழமை பத்து மணிக்கு ஐடிஐ வா. ரெண்டு பேரும் மேடத்தைப் பார்ப்போம். நீ பிளக்ஸ் கடைக்குப் போனதில் எனக்குக் கோபமே இல்லை. என்னிடம் சொல்லாமல் போனாயே, அதுதான்.

வந்துவிடு.

முனீஸ்வரி

—

ஐடிஐ மாடிப்படியிலிருந்து,
28-7-2025, திங்கள், மத்தியானம்

பிருந்தா,

நீ வரவில்லை. உன் அப்பா வந்தார்.

பதினொன்றரை மணி இருக்கும். கையில் ஸ்வீட் பாக்ஸோடு மேடம் ரூம் வாசலில் நின்றார். உன் அப்ரண்டிஸ் ஆர்டரை பிரிண்ட் எடுக்க வந்தாராம். நான் யாரென்று தெரியாமலே எனக்கும் ஒரு பால்கோவா எடுத்துக் கொடுத்தார். “எம் பொண்ணும் இதே டிரேடுதாம்மா. வாயு கசிஞ்ச எடத்தக் கண்டுபிடிச்சிருக்கா, தெரியுமா? ஆம்பளைங்க அம்புட்டுப் பேரு நிக்கும்போது!” என்றார். பால்கோவா கையிலேயே உருகிக்கொண்டிருந்தது. வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

உள்ளே மேடம் முன்னால் சார் எழுதிய கடிதத்தை வைத்தேன். அப்பாவும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். “அப்பா, அந்த வால்வ மூடுனது நான்” என்றேன். மேடம் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். உன் அப்பா கோபப்பட்டிருந்தால் தேவலை. பாக்ஸ் மூடியை மூடி ரப்பர் பேண்டைத் திரும்ப மாட்டினார். ரெண்டு தடவை நழுவியது.

மேடம் என்னைத் திட்டின திட்டு தனிக்கதை. கடைசியில், “ரெண்டு பேரும் நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் மேல அனுப்புவேன். வியாழக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். இல்லாட்டி முனீஸ்வரிக்கு இந்த வருஷம் போச்சு” என்று சொல்லிவிட்டார். என் பக்கத்தை எழுதிவிட்டேன். அதன் கீழே பாதித் தாள் உனக்கு.

வெளியே வந்ததும் உன் அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அப்ப எம் மக தினமும் காலையில எங்கம்மா போனா?”

எனக்குத் தெரியும். மருது அண்ணன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ரெண்டு மாதம் உன் பெயரில் எல்லாம் நான் சொல்லியாகிவிட்டது, உன் பெயரில் மார்க் வாங்கியாகிவிட்டது. இதையும் நானே சொன்னால் உனக்கென்று என்ன மிச்சம்? “அத அவகிட்டயே கேளுங்கப்பா. தப்பான எடத்துக்கு எல்லாம் போகல” என்றேன். தலையை ஆட்டினார்.

இந்தக் கடிதத்தையும் அந்தத் தாளையும் அவரிடமே ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து கேட்பார். பேனர் ஒன்றைக் காட்டிச் சொல்லு, சும்மா வாயால் சொல்லாதே. சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போடு.

வியாழக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். உன்னோடு இனிமேல் பழையபடி பேசுவேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. வா, வந்தபிறகு பார்ப்போம்.

கீழே ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். ஓடிப்போய்க் கொடுக்கணும்.

முனீஸ்வரி